ரிப்போர்ட் வர இன்னும் ஏழு நாள்: கணவரிடம் சொல்லலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு முன் லேசாக ரத்தக்கசிவு வந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயத் தண்ணீர் குடித்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மறுபடியும் வந்தபோது அக்காதான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 9 மி.மீ. தடிமன் என்று வந்தது. பாப் ஸ்மியர் நார்மல். அப்படியும் டி அண்ட் சி (கர்ப்பப்பையின் உள்பக்கத்தைச் சுரண்டி எடுப்பது) செய்து, திசுவைப் பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆகுமாம். மூன்று நாள்தான் போயிருக்கிறது. கணவருக்குப் போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள், அதனால் அவரிடம் "சுத்தம் பண்ணினாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மகளுக்கு இது கடைசி செமஸ்டர். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனில் தேடிக்கொண்டே இருக்கிறேன். பிளவுஸ் தைப்பதும் ஆரி வேலையும்தான் என் தொழில். வந்த ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றவும் தயக்கமாக இருக்கிறது. பக்கத்து வீட்டம்மா "கத்தி பட்டா பரவிடும், பேசாம கர்ப்பப்பையையே எடுத்துடு" என்கிறார். அக்கா தினமும் போன் செய்து "ஒண்ணும் இருக்காது, சும்மா இரு" என்கிறாள். இரண்டையும் கேட்க முடியவில்லை. இந்த நாட்களை எப்படித் தள்ளுவது டாக்டர்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ரிப்போர்ட் வருவதற்குள் இது உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதால் மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் பயம் நியாயமானது. அக்கா சொல்வதுபோல "ஒண்ணும் இருக்காது" என்று நானும் சொல்லிவிடலாம். ஆனால் அது எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. இப்போதைக்கு யாருக்குமே தெரியாது. அப்படியிருக்க யாராவது அடித்துச் சொன்னால், "என் பயத்தை இவங்க காது கொடுத்துக் கேட்கவே இல்லையே" என்றுதான் மனசு நினைக்கும். உங்களுக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் அதுதான். அக்கா மேல் குற்றமில்லை. அவரும் பயந்துபோய்த்தான் அப்படிப் பேசுகிறார்.

முதலில் மருத்துவத்தைப் பார்த்துவிடுவோம், ராத்திரியில் போனில் தேடும் விஷயம் அதுதானே.

மாதவிடாய் முழுதாக நின்றபின் வரும் ரத்தக்கசிவை நாங்கள் ஒருபோதும் அலட்சியம் செய்வதில்லை. ஒரு சொட்டு என்றாலும் பரிசோதித்தே ஆக வேண்டும். கர்ப்பப்பை உள்சவ்வுப் புற்றுநோய் வரும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ரத்தக்கசிவுதான் முதல் அறிகுறி. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பலர் உடைந்து போகிறார்கள். இதையே மறுபக்கத்திலிருந்து பாருங்கள். மாதவிடாய் நின்றபின் ரத்தக்கசிவு வந்த 100 பெண்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் சுமார் 9 பேருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டதில் வந்த எண் இது. மற்ற 91 பேருக்குக் காரணம் வேறு. ஹார்மோன் குறைந்து சவ்வு மெலிந்து போயிருக்கலாம், பாலிப் என்னும் சின்னச் சதை வளர்ச்சி இருக்கலாம், புற்றுநோய் அல்லாத வகையில் சவ்வு தடித்திருக்கலாம்.

உங்கள் 9 மி.மீ. பற்றியும் சொல்கிறேன். இந்த வயதில் ரத்தக்கசிவு இருந்து, சவ்வு 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் திசு எடுத்துப் பார்ப்பது வழக்கம். நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியதால் எடுத்தார்கள். மெல்லிய சவ்வு இருப்பவரைவிட உங்களுக்கு ஆபத்து வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு சாதாரணப் பாலிப் இருந்தாலே ஸ்கேனில் சவ்வு இந்த அளவு தடிமனாகத் தெரியும். தடிமனை வைத்து நோயைச் சொல்ல முடியாது என்பதால்தான் பயாப்ஸி.

பாப் ஸ்மியர் நார்மல் என்றால் அப்புறம் எதற்கு இது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பாப் ஸ்மியர் கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியைப் பார்க்கும் சோதனை. உள்ளே இருக்கும் சவ்வைப் பற்றி அது உறுதியாக எதுவும் சொல்லாது. இரண்டும் வேறு வேறு இடங்கள்.

இரண்டு மாதம் சொல்லாமல் இருந்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சியும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. உடம்புச் சூடு என்று வெந்தயத் தண்ணீர் குடித்துவிட்டு வருடக்கணக்கில் வராமல் இருக்கும் பெண்களை நான் பார்க்கிறேன். நீங்கள் இரண்டாவது முறையிலேயே வந்துவிட்டீர்கள். இந்தப் புற்றுநோயில் பெரும்பாலான வகை மெதுவாக வளர்வது. ரத்தக்கசிவு முன்கூட்டியே எச்சரித்துவிடுவதால், பெரும்பாலும் கர்ப்பப்பைக்குள் இருக்கும்போதே பிடித்துவிடுகிறோம். அந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் ஐந்து ஆண்டு தாண்டியும் உயிரோடு இருக்கிறார்கள் என்று அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகள் காட்டுகின்றன. மோசமான முடிவு வந்தாலும் அதற்கு அப்புறம் ஒரு வழி இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் சொன்னேன்.

பக்கத்து வீட்டம்மாவின் இரண்டு யோசனைகளும் தவறு. கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து திசு எடுப்பதால் நோய் பரவி மோசமாவதில்லை. உலகம் முழுவதும் தினமும் செய்யப்படும் சோதனை இது. "எடுத்துடு" என்பதையும் இப்போது கேட்காதீர்கள். முடிவு தெரியாமல் ஆபரேஷன் செய்தால் எந்த ஆபரேஷன் என்பதே தெரியாமல் செய்ததாகிவிடும். சாதாரணத் தடிப்பு என்றால் மாத்திரையோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமோ போதும். பாலிப் என்றால் அதை மட்டும் எடுத்தால் போதும். புற்றுநோய் என்றால் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் குழாய்களையும் எடுக்க வேண்டும், சிலருக்கு நிணநீர்க் கணுக்களையும் பார்க்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டும். இதை முடிவு செய்யப்போவது அந்தச் சின்னத் திசுதான், அதனால் பொறுத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

சரி, பத்து நாள் எதற்கு? ரத்தப் பரிசோதனை மாதிரி மிஷினில் வைத்தவுடன் முடிவு சொல்லும் சோதனை இல்லை இது. திசு முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். பிறகு அதிலுள்ள நீரை ஆல்கஹாலால் எடுத்து, மெழுகை ஏற்றி, ஒரு கட்டியாக்குவார்கள். அதற்கே ஒரு ராத்திரி போய்விடும். அந்த மெழுகுக் கட்டியிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் 250-ல் ஒரு பங்கு தடிமனில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போடுவார்கள். அப்புறம்தான் பேத்தாலஜி டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் இன்னும் உள்ளேயிருந்து சீவச் சொல்வார், சிறப்புச் சாயம் போடச் சொல்வார், இன்னொரு டாக்டரிடமும் காட்டுவார். உங்கள் ஆஸ்பத்திரியில் லேப் இல்லையென்றால் பெரிய ஊருக்கு அனுப்பியிருப்பார்கள், நடுவில் ஞாயிறும் விடுமுறையும் வரும். அதனால் பதினோராவது நாள் ஆகியும் போன் வரவில்லையென்றால் அதைக் கெட்ட செய்தியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் வந்தாலும் அப்படித்தான். நாட்களை எண்ணி முடிவைக் கணிக்க முடியாது.

இன்றே ஒன்று செய்யுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, ரிப்போர்ட் எந்தக் கிழமை வரும், யார் சொல்வார்கள், நேரில் வர வேண்டுமா அல்லது வாட்ஸ்அப்பில் அனுப்புவார்களா, சொன்ன நாளில் வராவிட்டால் எந்த எண்ணில் கேட்பது என்று விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எப்போது மணி அடிக்குமோ என்று நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருப்பது இதனாலேயே பாதி குறையும். இப்படிக் கேட்பதைத் தொந்தரவாக எந்த நல்ல டாக்டரும் நினைக்க மாட்டார்.

இனி உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதைத் தனியாகச் சுமக்கிறீர்கள்.

கணவருக்கு ஸ்டென்ட் வைத்திருப்பதால் சொல்லவில்லை என்கிறீர்கள். நீங்கள் அவரைக் காப்பாற்றத்தான் நினைக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் எழுந்து உட்காருவது அவருக்குத் தெரியாதா? ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தது தெரியாதா? ஏதோ நடக்கிறது என்று தெரிந்தும் என்னவென்று தெரியாமல் இருப்பதுதான் ஒருவரை அதிகம் அலைக்கழிக்கும். ஸ்டென்ட் வைத்து, மாத்திரை ஒழுங்காகப் போட்டு, நடமாடிக்கொண்டிருக்கும் ஒருவர் இந்தச் செய்தியைத் தாங்குவார். அவருக்கு இப்போதும் நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இருந்தால் மட்டும் முதலில் அவருடைய இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ரிப்போர்ட் வேறு மாதிரி வந்து, ஒரே நாளில் இரண்டு செய்தியையும் சேர்த்து அவர் கேட்க நேர்ந்தால், அதுதான் பெரிய அதிர்ச்சி. "என்கிட்ட ஏன் மறைச்சே" என்ற வருத்தமும் கூடவே வரும்.

ராத்திரியில் சொல்லாதீர்கள். காலையில் காபி குடித்து முடித்தபின், டிவியை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். இப்படிச் சொல்லலாம்: "அன்னிக்கு சுத்தம் பண்ணாங்கன்னு சொன்னேன்ல, அதுல கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்காங்க. அடுத்த வாரம் ரிசல்ட் வரும். பயப்படுற மாதிரி இல்லாம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு டாக்டர் சொல்றாங்க. ஆனா எனக்குத் தனியா இருக்க பயமா இருக்கு. ரிசல்ட் வாங்க நீங்க கூட வாங்க." அவ்வளவு போதும். அவருக்கும் ஒரு வேலை கிடைத்துவிடும், கூட வருவது. சும்மா கவலைப்படுவதைவிட அது அவருக்கும் நல்லது.

வாயால் சொன்னால் பலித்துவிடும் என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. உங்கள் திசு ஏற்கனவே லேபில் இருக்கிறது. அதில் என்ன இருக்கிறதோ அது நாம் பேசுவதால் மாறாது, பேசாததாலும் மாறாது.

மகளிடம் இப்போது சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். பரீட்சை நடுவில் இருக்கிறாள், அவளால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. முடிவு வந்ததும் எதுவானாலும் நீங்களே சொல்லிவிடுங்கள், வேறு யார் வழியாகவும் அவளுக்குத் தெரிய வேண்டாம். அவளே "ஏம்மா ஒரு மாதிரி இருக்கே" என்று கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். "ஒரு டெஸ்ட் எடுத்திருக்கு, வந்ததும் சொல்றேன்" என்றால் போதும். அக்காவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். அக்காவுக்கு என் வேண்டுகோள்: "ஒண்ணும் இருக்காது" என்று சொல்வதற்குப் பதிலாக "எனக்கும் பயமாத்தான் இருக்குடி, ராத்திரி தூக்கம் வரலைன்னா எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் அந்த ஆர்டர். அதை மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு மாதக்கணக்கில் முடிவுக்குக் காத்திருந்தவர்களை உளவியலாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். நல்லதையே நினைக்க முயன்றவர்களுக்கும், கவலையை அடக்க முயன்றவர்களுக்கும் அது பெரிதாக உதவவில்லை. நேரம் போவதே தெரியாமல் ஒரு வேலையில் மூழ்கிப் போனவர்கள்தான் அந்த நாட்களைக் கொஞ்சம் நன்றாகக் கடந்தார்கள். டிவி பார்ப்பதிலோ போனைத் தள்ளுவதிலோ அந்த மூழ்கல் வராது. கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், கொஞ்சம் கஷ்டமாகவும் இருக்க வேண்டும். ஆரி வேலையைவிட அதற்குப் பொருத்தமான வேலையை என்னால் யோசிக்க முடியவில்லை. கெடு நெருக்கும் கல்யாண ஆர்டர் வேண்டாம். சின்னதாக, நீங்கள் இதுவரை போடாத ஒரு டிசைனாக எடுங்கள். டி அண்ட் சி செய்து மூன்று நாள் ஆகிவிட்டதால், அடிவயிற்றில் வலி இல்லையென்றால் உட்கார்ந்து வேலை செய்யத் தடையில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. காத்திருக்கும் கவலை தொடக்கத்திலும் கடைசி நாட்களிலும்தான் உச்சத்தில் இருக்கும், நடுவில் சற்று இறங்கும். அதனால் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் பயம் திடீரென்று கூடினால் "உள்ளுணர்வு ஏதோ சொல்லுது" என்று நினைக்காதீர்கள். தேதி நெருங்கினால் எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும்.

ராத்திரிக்கு: போனைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். இதை நீங்கள் செய்தே ஆக வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் படிப்பது உங்கள் உடம்பைப் பற்றி எழுதியது இல்லை, யாரோ ஒருவரின் முற்றிய நோயைப் பற்றியது. எழுந்துவிட்டால் விளக்கைப் போட்டு, மனதில் ஓடும் கேள்வியை ஒரு நோட்டில் எழுதிவிட்டுப் படுங்கள். அந்த நோட்டை டாக்டரிடம் கொண்டு போகலாம். தூக்கம் வரவில்லை என்று மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம். இரண்டு, மூன்று ராத்திரி தொடர்ந்து தூக்கமே இல்லை, சாப்பிட முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

வெள்ளிக்கிழமை விளக்கைப் பற்றி: இது உங்கள் நம்பிக்கை சார்ந்தது, முடிவு உங்களுடையது. மருத்துவராக ஒன்று மட்டும் சொல்வேன். இப்போது வருவது மாதவிடாய் இல்லை. உள்ளே கருவி வைத்துச் செய்த ஒரு சிகிச்சைக்குப் பின் வரும் கசிவு, கையில் காயம்பட்டு வரும் ரத்தம் எப்படியோ அப்படித்தான். விளக்கேற்றினால் மனசு அமைதியாகும் என்றால், என்னைக் கேட்டால் ஏற்றுங்கள் என்பேன்.

சில நாட்களுக்கு லேசான கசிவும், மாதவிடாய் நேரத்து இழுப்பு போன்ற வலியும் இருக்கலாம். காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளை அல்லது கசிவு, ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனையும் அளவு போக்கு, தாங்க முடியாத வயிற்றுவலி – இதில் எது வந்தாலும் ரிப்போர்ட் நாள்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ரிப்போர்ட் வரும் நாளைப் பற்றி: வாட்ஸ்அப்பில் வந்தால் தனியாகத் திறக்காதீர்கள், முடிந்தால் டாக்டர் எதிரில் பாருங்கள். ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும், கடைசியில் "இம்ப்ரெஷன்" அல்லது "டயக்னோசிஸ்" என்ற வரிதான் முக்கியம். "மலிக்னன்சி" (புற்றுநோய்) என்ற சொல்லைப் பார்த்ததும் கதறிவிட்டு, அதற்கு முன்னால் "நோ எவிடன்ஸ் ஆஃப்" (அதற்கான அடையாளம் இல்லை) என்று இருந்ததைக் கவனிக்காதவர்கள் பலர். "மெட்டாபிளேசியா" என்று இருந்தால் அது புற்றுநோய் இல்லை. "ஹைப்பர்பிளேசியா" என்றால் தடிப்பு. அதில் "வித்தவுட் ஏடிப்பியா", அதாவது செல்களில் இயல்பு மீறிய மாற்றம் இல்லை என்றால் பெரும்பாலும் மருந்திலேயே சரியாகும், "ஏடிப்பியா" உண்டு என்றால் உங்கள் வயதில் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வோம். "இன்அடிக்வேட்" என்று வந்தால் திசு போதவில்லை என்று அர்த்தம். அதுவும் நடப்பதுதான், மனசு விட்டுவிடாதீர்கள்.

புற்றுநோய் என்று வந்தால், அன்றைக்கே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். பெண்களுக்கான புற்றுநோய் அறுவையில் பயிற்சி பெற்றவரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் லேபில் இருக்கும், அவற்றைக் கேட்டு வாங்கி இரண்டாவது கருத்துக்குக் கொண்டு போக உங்களுக்கு உரிமை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்து வையுங்கள், பணம் பற்றிய பேச்சை அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் ஆரம்பிக்கலாம்.

ஒன்றும் இல்லை என்று வந்தால், சந்தோஷத்தில் அப்படியே எழுந்து வந்துவிடாதீர்கள். "அப்போ ரத்தம் எதனால வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். டி அண்ட் சி என்பது கண்ணால் பார்க்காமல் சுரண்டி எடுப்பது, ஒரு மூலையில் இருக்கும் பாலிப் அதில் தப்பிவிடலாம். அதனால் இந்த ரிப்போர்ட் நார்மலாக இருந்து, ஆறு மாதம் கழித்தோ ஒரு வருடம் கழித்தோ மறுபடி ஒரு துளி பட்டாலும், "போன தடவைதான் ஒண்ணும் இல்லைன்னாங்களே" என்று இருந்துவிடாமல் வந்து காட்டுங்கள். அப்போது உள்ளே கேமரா வைத்துப் பார்க்கும் ஹிஸ்டெரோஸ்கோபி தேவைப்படும். அன்றைக்கும் கணவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.